மூன்றாம் வகுப்பில் சமூக நீதி: முதலில் பெஞ்சை மாற்றுங்கள், பாடம் பிறகு

ஓர் ஆசிரியரின் கேள்வி இதுதான்: சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, 34 பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன், "அவங்கம்மா குப்பை வண்டியில போறாங்க, அவன் பக்கத்துல உட்கார மாட்டேன்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். இந்த வயதில் சமூக நீதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? புரியுமா? பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்களா?

புரியுமா என்ற சந்தேகத்துக்கு அந்தப் பையனே பதில் சொல்லிவிட்டான். யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது எட்டு வயதில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை நிறப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் வைத்துக் கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் 'நல்ல பொம்மை' என்று காட்டினார்கள். பாகுபாட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே படித்துவிடுகிறார்கள். நாம் தொடங்குவதே தாமதமாகத்தான்.

பாகுபாட்டுக்கு எதிரான கல்வி என்ற துறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ். அவரும் அவருடைய குழுவினரும் 1989-இல் முன்வைத்த வழிமுறையில் நான்கு படிகள் உண்டு. தன்னைப் பற்றித் தாழ்வும் இல்லாமல் மிதப்பும் இல்லாமல் இருப்பது. வேறு மாதிரி இருப்பவர்களோடு இயல்பாகப் பழகுவது. அநியாயம் நடந்தால் அதை அநியாயம் என்று அடையாளம் காண்பது. அதற்கு எதிராகத் தன்னால் ஆனதைச் செய்வது. நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று அச்சிட்டிருக்கிறது. அது மூன்றாவது படிக்கான வாசகம். முதல் இரண்டு படிகள் இல்லாமல் அதை மனப்பாடம் செய்த பிள்ளை, வாசகத்தையும் தப்பில்லாமல் ஒப்பிக்கும், தட்டையும் தூக்கிக்கொண்டு நகரும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதில் அதற்கு எந்த முரணும் தெரியாது.

ஆகவே உடனே ஒரு நீதிக்கதை சொல்ல வேண்டாம். முதல் வாரம் பாடமே வேண்டாம், கணக்கெடுங்கள். உங்களைத்தான்.

வருகைப் பதிவேட்டின் பெயர்ப்பட்டியலை ஐந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஐந்து கட்டங்கள்: கேள்வி கேட்டேன், பாராட்டினேன், திட்டினேன், வேலை சொன்னேன், நோட்டைக் கையில் வாங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு பீரியட் மட்டும், நடக்க நடக்கக் கோடு போடுங்கள். சாயங்காலம் யோசித்துப் போட்டால் கணக்கு தப்பும். நமக்குப் பிடித்தமான நம் படத்தைத்தான் நினைவு வரைந்து கொடுக்கும். வேலைக் கட்டத்தில் கோட்டுக்குப் பதிலாக எழுத்துப் போடுங்கள்: து துடைப்பம், த தண்ணீர், நோ நோட்டுக் கட்டு, ஹெ ஹெச்.எம். அறைக்குத் தூது. வெள்ளிக்கிழமை பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். ஹெச்.எம். அறைக்குத் தூது போவது எப்போதும் அதே நாலைந்து பேர். துடைப்பம் எடுப்பது பெண் பிள்ளைகளும், 'அந்த ஏரியா' பிள்ளைகளும். ஐந்து நாளும் ஒரு கோடுகூட விழாத பெயர்கள் சில இருக்கும். ஐந்தாவது கட்டம்தான் கொஞ்சம் சுடும்: சிலருடைய நோட்டைக் கையில் வாங்கியிருப்போம், சிலரை 'மேசை மேல வை' என்று சொல்லியிருப்போம். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது வாரம் ஏற்பாடுகளை மாற்றுங்கள். பெஞ்சிலிருந்து தொடங்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள், இனிஷியலைக் கொண்டு அல்ல. ஆனால் அகரவரிசையில் ஒருமுறை உட்காரவைத்துவிட்டு வருடம் முழுக்க விட்டால், பழைய ஒட்டுதல்களுக்குப் பதிலாகப் புதிய ஒட்டுதல்கள் வரும், அவ்வளவுதான். இருவர் அமரும் 17 பெஞ்ச் என்றால் இப்படிச் செய்யலாம்: ஒவ்வொரு திங்கட்கிழமையும் இடப்பக்கம் இருப்பவர் ஒரு பெஞ்ச் முன்னே, வலப்பக்கம் இருப்பவர் இரண்டு பெஞ்ச் முன்னே. முதல் பெஞ்சைத் தாண்டியவர் பின்னாலிருந்து சுற்றி வருவார். பின் பெஞ்ச் யாருக்கும் நிரந்தரம் இல்லை; வாரத்துக்கு ஒரு புது ஜோடி; 17 வாரத்தில் இடப்பக்கப் பிள்ளைகள் எல்லா வலப்பக்கப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து முடிப்பார்கள். பிறகு இரு பக்கத்தையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தரையில் பாய் போட்டு உட்காரும் வகுப்புக்கும் இதே கணக்குதான். கண் பார்வை, காது கேட்பது தொடர்பாக முன்னால் இருந்தாக வேண்டிய பிள்ளைகள் இடம் மாற வேண்டாம், பக்கத்தில் வருபவர் மட்டும் மாறட்டும். சீட்டுக் குலுக்கிப் போடும் முறையை மட்டும் தவிருங்கள். சீட்டை டெஸ்க்குக்கு அடியில் மாற்றிக்கொள்வதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கில்லாடிகள்.

வேலைப் பங்கீட்டுக்கு ஒரு சார்ட் போதும். பத்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஒரு வாரம். துடைப்பம், பெஞ்ச் நகர்த்துவது, கரும்பலகை, தண்ணீர், நோட்டு விநியோகம், தூது, செருப்பு வரிசை, செடி, விளக்கு மின்விசிறி, நூலகப் பெட்டி. ஒரு வேலை ஒருவருக்கு இரண்டாம் முறை வருவதற்குள் மற்ற எல்லோரும் அதைச் செய்திருக்க வேண்டும். 'பெண் பிள்ளை பெஞ்ச் தூக்குவாளா' என்று கேட்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் யாரும் தூக்கலாம். கழிவறை கழுவுவது எந்தச் சுழற்சியிலும் சேராது. அது பிள்ளைகள் வேலை இல்லை. பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் அதற்கு அனுப்பினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும்.

இன்னொரு பழக்கம் உண்டு, பலரும் தவறு என்றே நினைக்காமல் செய்வது. உதவித்தொகை விண்ணப்பம் வந்ததும், "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரு, எம்.பி.சி. யாரு கை தூக்கு" என்று வகுப்பில் கேட்பது. ஒரு நிமிட வேலை மிச்சம். 34 பிள்ளைகளுக்கு யார் என்ன என்ற பட்டியல் ஆயுசுக்கும் பதிந்துவிடும். தேவைப்படும் விவரம் பெரும்பாலும் அலுவலகப் பதிவிலும், எமிஸ் என்ற அரசின் மாணவர் விவர இணையதளத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி மூடிய உறையைக் கொடுத்தனுப்புங்கள். தனியார் பள்ளிகளில் இதன் இன்னொரு வடிவம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை 'ஆர்.டி.இ. பசங்க' என்று அழைப்பது. ஆசிரியர் அறையில் சொன்னாலும் அந்த வார்த்தை வகுப்புக்கு வந்துவிடும்.

சாப்பாட்டு நேரம், அதாவது உங்கள் பிரச்சினை நடந்த இடம். வட்டமாக, அந்த வாரப் பெஞ்ச் ஜோடிப்படியே உட்காரட்டும். விதி ஒன்றே ஒன்று: அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது, மூக்கைப் பிடிக்கக் கூடாது. பகிர்ந்து உண்ணக் கட்டாயப்படுத்தாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கருவாட்டைக் கொண்டுவந்த பிள்ளைக்கும் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கும் அது ஒருசேரச் சங்கடம். சத்துணவில் முட்டை வேண்டாம் என்பவருக்கு வாழைப்பழம் தருகிறார்கள். இரண்டும் ஒரே வரிசையில், ஒரே கரண்டிக்காரரிடமிருந்து வரட்டும். 'சைவம் இந்தப் பக்கம்' என்று தனி வரிசை போட்டால், இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீண்.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பாடம். வாரம் ஒன்று, 25 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் பாடம், சமமும் நியாயமும். பழைய செய்தித்தாளில் ஒரே அளவில் ஐந்து சட்டைகள் வெட்டுங்கள். 'அரசு தரும் சீருடை எல்லாருக்கும் ஒரே சைஸ்ல வந்தா?' என்று கேட்டு, வகுப்பிலேயே குட்டைப் பிள்ளைக்கும் நெட்டைப் பிள்ளைக்கும் வைத்துப் பாருங்கள் (குண்டு, ஒல்லி வேண்டாம், கேலிக்கு இடம் கொடுக்கும்). தனக்குப் பெரிதாக வந்த சட்டையைக் கையை மடித்துப் போட்ட அனுபவம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது சில நேரம் நியாயம், சில நேரம் இல்லை என்பதுவரை கொண்டுவாருங்கள். எப்போது ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும் என்றும் கேளுங்கள்: தண்ணீர், விளையாட்டு நேரம், பேர் சொல்லிக் கூப்பிடும் மரியாதை. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால், 'அவனுக்கு மட்டும் ஏன் ஸ்பெஷல்' என்ற பேச்சில்தான் முடியும்.

நிறத்தைப் பற்றிய பாடம்தான் எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுகிறது. சென்னையில் எந்தத் தெருவில் கேட்டாலும் கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தைக் காட்டி 'ஸ்கின் கலர்' என்பார்கள். வகுப்பில் ஒருவருக்கும் அந்த நிறம் இருக்காது. சிகப்பழகு களிம்பு விளம்பரங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. பிரபலமான ஒரு களிம்பு தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கியதே 2020-இல்தான். செய்முறை இது: நான்கு பேருக்கு ஒரு குழு, ஒரு பழைய தட்டு, போஸ்டர் கலரில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை. நான்கு சொட்டு மஞ்சள், இரண்டு சொட்டு சிவப்பு, ஒரு சொட்டு நீலம் என்று கலந்தால் பழுப்பு வரும். கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும். முந்தைய நாள் நீங்கள் ஒருமுறை கலந்து பார்த்துவிடுங்கள். அதிலிருந்து வெள்ளையோ மஞ்சளோ நீலமோ துளித்துளியாகச் சேர்த்து, முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துத் தன் நிறத்தைப் பிடிக்க வேண்டும். கறுப்பு கொடுக்காதீர்கள். மஞ்சளோடு சேர்ந்தால் பச்சையோடிப் போகும், 'நான் அழுக்குக் கலரா மிஸ்' என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கே பிடித்த நிறத்தைப் புறங்கையில் வைத்தால் பொருந்தாது. ஒரே பிள்ளைக்கு இரண்டு நிறம்! வெயில் படும் இடத்தில் தோலுக்குள் மெலனின் என்ற நிறமி கூடுகிறது என்று சொல்ல அதுதான் சரியான நொடி. பிறகு தன் நிறத்துக்குத் தானே பெயர் வைக்கலாம்: பனைவெல்லம், புளி, வறுத்த வேர்க்கடலை, இஞ்சி டீ. அடுத்தவர் நிறத்துக்குப் பெயர் வைக்க அனுமதி இல்லை. தாள்களைச் சுவரில் ஒட்டும்போது வெளிறியதிலிருந்து அடர்ந்தது என்று அடுக்கிவிடாதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒரு ரேங்க் பட்டியல். கலைத்து ஒட்டுங்கள்.

ஏரியாவைப் பற்றியும் ஒரு பாடம் வேண்டும், ஏனென்றால் சென்னைப் பிள்ளைகள் சாதிப் பெயரைவிட அதிகம் சொல்வது ஏரியாப் பெயரைத்தான். 'கண்ணகி நகரா', 'ஹவுசிங் போர்டா', 'குப்பத்துப் பசங்க', 'இந்திக்காரன்' என்பவற்றில் எது எதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் வரையட்டும்: கடை, மரம், நாய், நிறுத்தம், தெரிந்த ஆள் ஒருவர். வீட்டை வரையச் சொல்லாதீர்கள், வழியை மட்டும். அடுத்த வாரம், 'உங்க தாத்தா பாட்டி எந்த ஊர்ல இருந்தாங்க, ஏன் வந்தாங்க' என்று கேட்டு வரட்டும். செங்கல்பட்டிலிருந்து வேலைக்காக வந்த குடும்பமும், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பமும், கூவம் கரையிலிருந்து நகரத்தின் விளிம்புக்கு மாற்றப்பட்ட குடும்பமும் ஒரே பலகையில் வந்து நிற்கும். சொல்ல விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். மெட்ராஸ் பாஷையில் பேசுபவரை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழ் நோட்டில் வரட்டும், பேச்சு வீட்டுத் தமிழில் இருக்கட்டும்.

தூய்மைப் பணியைப் பாடமாக்கும்போது இரக்கத்தைத் தவிர்ப்பதுதான் கஷ்டம். பள்ளிக்கு வரும் தூய்மைப் பணியாளர் ஒருவர் சம்மதித்தால் 15 நிமிடம் பேசச் சொல்லலாம். ஒதுக்கப்பட்ட அந்த மாணவனின் அம்மாவை மட்டும் அழைக்கவே கூடாது. கேள்விகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதட்டும்: எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எந்தக் கருவி, மழை நாளில் என்ன ஆகும், குப்பையில் கண்ணாடி கிடந்தால் என்ன செய்வீர்கள், நாங்கள் எப்படிப் பிரித்துப் போட்டால் உங்களுக்குச் சுலபம். 'உங்களுக்குக் கஷ்டமா இருக்கா' என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். அன்றே வகுப்பில் மக்கும் குப்பைக்கு ஒரு கூடை, மக்காததற்கு ஒரு கூடை வைத்து, பராமரிப்பை வேலைச் சார்ட்டில் பதினோராவது வேலையாகச் சேர்த்தால், தன்னால் ஆனதைச் செய்யும் அந்த நான்காவது படியும் வந்துவிடும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு உள்ளூர் வரலாறு சேர்க்கலாம். 1894-இல் அடையாறு ஊரூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஹென்றி ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி. 1920-இல் தியாகராயர் தலைமையில் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் தொடங்கிய மதிய உணவு. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. யாரைப் பற்றிப் பேசினாலும் நான்கு கேள்வி: அப்போது விதி என்ன? யார் போட்டது? யார் மீறினார்கள்? இப்போது மாறியிருக்கிறதா?

செய்யவே கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் தன் மூன்றாம் வகுப்பை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து, ஒரு பிரிவை உயர்த்தியும் இன்னொன்றைத் தாழ்த்தியும் நடத்தினார். புகழ்பெற்ற பரிசோதனை, காணொளியாகப் பார்த்துவிட்டு இங்கும் செய்து பார்க்கத் தோன்றும். அவர் வகுப்பில் அனைவரும் வெள்ளையர். அவமானம் எல்லோருக்கும் புதிது. உங்கள் வகுப்பில் சிலருக்கு அது பாவனை இல்லை, நேற்று தெருவில் நடந்தது. 'நீ உயர்ந்தவன், நீ தாழ்ந்தவன்' நாடகமும் அப்படித்தான். கண்ணைக் கட்டி நடக்கவிட்டுப் பார்வையற்றோரைப் 'புரியவைக்கும்' விளையாட்டு பயத்தையும் பரிதாபத்தையும் தரும், வேறொன்றும் தராது.

இனி அந்த நொடி. தட்டைத் தூக்கிக்கொண்டு நகரும்போது என்ன சொல்வது? ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் எல்லோர் காதிலும் விழ வேண்டும்: "இந்த வகுப்புல ஒருத்தர் அம்மா அப்பா செய்யற வேலையைச் சொல்லி யாரையும் தள்ளி வைக்கறது கிடையாது. உன் இடம் அதுதான். உட்கார்ந்து சாப்பிடு." அவ்வளவே. கேட்காததுபோல் இருந்துவிட்டால், ஆசிரியருக்கும் சம்மதம் என்று 34 பேரும் எடுத்துக்கொள்வார்கள். சாப்பிட்ட பிறகு முதலில் ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்: "அவன் சொன்னது தப்பு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. முன்னாடியும் சொல்லியிருக்கானா?" அடுத்து மற்றவனிடம்: "அப்படிச் சொல்லணும்னு எப்படித் தோணுச்சு?" அநேகமாக வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சு வெளியே வரும். அவரைத் திட்டாதீர்கள், பிள்ளை அவர் பக்கம் போய்விடும். "வீட்ல எப்படிப் பேசினாலும், இங்க விதி இது" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லோர் முன்பும் 'சாரி சொல்லு, கை குடு' என்பது ஆசிரியரின் நிம்மதிக்காக நடப்பது. பாதிக்கப்பட்ட பிள்ளையை இரண்டாவது முறை மேடையேற்றும். இருவரிடமும் 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்பது எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. தேதியோடு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள். மூன்றாம் முறை அதே பிள்ளை குறிவைக்கப்பட்டால் ஹெச்.எம்., பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. பெரியவர் ஒருவரே செய்பவர் என்றால் 14417 கல்வி உதவி எண்ணும் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

பெற்றோர் விஷயத்தில் முந்திக்கொள்வது நல்லது. வருடத்தின் முதல் கூட்டத்தில், பெஞ்ச் சுழற்சியையும் வேலைச் சார்ட்டையும் வகுப்பு ஏற்பாடாகவே காட்டுங்கள். 'என் பொண்ணு எதுக்குத் துடைப்பம் எடுக்கணும்' என்று வருபவருக்கு, "எல்லாருக்கும் வாரக்கணக்குல வரும்மா, இந்த வாரம் இவ, அடுத்த வாரம் வேறொருத்தர்" என்று சார்ட்டைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். 'சாதி பேசுறீங்களா' என்று கேட்டால் பாடநூலின் முன்பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததையும், அது ஆசிரியரின் சொந்தக் கருத்து இல்லை என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். கேட்டுக்கு வெளியே நின்று விவாதிக்காதீர்கள். கூட்டம் சேரும், ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பெயர் தெருவுக்குப் போகும்.

பலன் தெரிகிறதா என்று தேர்வு வைத்துப் பார்க்க முடியாது. 'எல்லோரும் சமம்' என்று எல்லோரும் எழுதுவார்கள். பத்தாவது வாரம் அதே பெயர்ப்பட்டியலை எடுத்து மறுபடி ஐந்து நாள் கோடு போடுங்கள். கோடே விழாத பெயர்கள் எத்தனை குறைந்தன, துடைப்பக் கட்டம் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே விளையாட்டு பீரியடில், நீங்கள் பிரித்துவிடாத நேரத்தில், யார் யாரோடு நிற்கிறார்கள் என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பெஞ்ச் கலந்த பிறகும் விளையாட்டுக் குழு பழையபடியே இருந்தால் பதற வேண்டாம், அது கடைசியாகத்தான் மாறும். பெஞ்ச் சுழற்சியை மட்டும் பரீட்சை நேரம் என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் நின்றால் எல்லோரும் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்.